உங்களுக்குத் தெரியுமா? ஆறில்லாத ஊரின் படகுக் கதைகள்

கந்தர்வக்கோட்டையில் படகைப் பார்க்க வேண்டுமென்றால் மளிகைக்கடைக் காலண்டரில்தான் பார்க்க வேண்டும். செம்மண், முந்திரிக்காடு, தைலமரம், மழை பெய்தால் நிரம்பும் குளங்கள், அவ்வளவுதான் ஊர். இந்தப் பக்கத்து ஆற்றுக்கு அக்னியாறு என்று பெயர் வைத்தவர் நம் வெயிலை நன்றாகச் சுவைத்தவராக இருக்க வேண்டும். மழைக்கு நாலு நாள் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் மணலாய்க் காயும் காட்டாறு அது. ஆனாலும் லீவு விட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: “மாமா, படகுல கூட்டிட்டுப் போங்க.” அப்படி அவர்களோடு அலைந்ததிலும், வந்து புத்தகங்களைப் புரட்டியதிலும் சேர்ந்த துணுக்குகள் இவை. பாதிக்கு மேல் காவிரி. மற்றவை கிளை வாய்க்கால்.

ஆறு மாதிரி ஓர் ஆறு

தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுகிறோம். பெரிய கோயிலை நெருங்கும்போது பாலத்துக்கடியில் ஓர் ஆறு ஓடுகிறதே, அது ஆறே இல்லை, ஆட்கள் வெட்டிய வாய்க்கால் என்பது தெரியுமா? கல்லணைக் கால்வாய் என்பது அரசாங்கப் பெயர். ஊர் வாயில் அது புதாறு. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டி, 1934-ல் தண்ணீர் விட்டார்கள். கல்லணையில் கிளம்பி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் பாய்ந்து, சுமார் 148 கி.மீ. ஓடி, நம் புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் போய் முடிகிறது. குடகு மலையில் பிறந்த தண்ணீர் நம் மாவட்டத்துக்குள் வந்துதான் நிற்கிறது. கந்தர்வக்கோட்டை மேட்டில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கிறது.

புதாற்றில் நான் படகைப் பார்த்ததில்லை. ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி மிதந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

நமக்கும் ஒரு மூணாறு

கல்லணையில் காவிரி நாலாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். இதில் வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் வந்ததும் மறுபடி மூன்றாகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அந்த இடத்துக்கே மூணாறு தலைப்பு என்று பெயர். தேயிலைத் தோட்டம் பார்க்கக் கேரளத்து மூணாறுக்கு வேன் எடுக்கிறவர்கள் இதையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம், செலவு கம்மி.

கோரையாறும் பாமணியாறும் வேறு சில கிளைகளும் போய்ச் சேருகிற இடம் முத்துப்பேட்டைக் காயல். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உருப்படியான ஆற்றுப் படகுச் சவாரி என்றால் அதுதான். பட்டுக்கோட்டை வழியே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஜாம்பவானோடை வந்துவிடும். அங்குள்ள தர்காவுக்கு வருகிற கூட்டத்தைத் தாண்டி ஆற்றோரம் போனால் படகுத்துறை.

போன தை மாதம் போயிருந்தோம். பலகைப் படகு. கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் காலடியில் தண்ணீர் ஊறியது. படகோட்டி ஒன்றும் பேசாமல், பாதியாக வெட்டிய எண்ணெய் கேனால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்.

“அண்ணே, ஓட்டையா?”

“ஓட்டை இல்ல தம்பி, வேர்வை. பழைய படகு, வேர்க்கத்தான் செய்யும்.”

எங்கள் சின்னவனுக்கு அதற்குப் பிறகு அலையாத்தியும் வேண்டாம், பறவையும் வேண்டாம். கேனை வாங்கிக்கொண்டு வேர்வை துடைப்பதே வேலையாகிவிட்டது. நடுநடுவே விரலை ஆற்றில் விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டும் வந்தான். கிளம்பியபோது லேசாகக் கரித்த தண்ணீர் காயலுக்குள் நுழைந்ததும் வாயில் வைக்க முடியவில்லை. காவிரி கடலாகிற கணக்கை அவன் நாக்கு சரியாகப் போட்டுவிட்டது.

அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றில் குச்சி குச்சியாய் நீட்டிக்கொண்டிருப்பவை கன்றுகள் அல்ல, வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடைக்காது. அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. குடித்த தண்ணீரிலுள்ள உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். அதையும் சின்னவன் நக்கிப் பார்த்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது இந்த அலையாத்திக் காடு மொட்டையடிக்கப்பட்டது. அதே காற்றில்தான் பேராவூரணித் தென்னையும், எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. காயலில் பட்டுப்போய் நிற்கிற வெள்ளைக் கிளைகளைக் காட்டி, “உங்க ஊர்லயும் இப்படித்தானே?” என்று படகோட்டி கேட்டார்.

டி.எம்.சி. என்றால்

பேப்பரில் தினமும் படிக்கிறோம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகல், ஒரு இரவு முழுக்க ஓடினால் அது ஒரு டி.எம்.சி. மேட்டூர் நிரம்பி 120 அடியைத் தொட்டால் உள்ளே இருப்பது 93.47 டி.எம்.சி.

பரிசலுக்கு எங்கே சிக்னல்?

ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா என்பது ஒகேனக்கல்லில் தெரிவதற்கு முன்பே பிலிகுண்டுலுவில் தெரிந்துவிடும். கர்நாடக எல்லையையொட்டி, மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் நீர்வரத்தை அளக்கிற இடம் அது. அங்கே கன அடி ஏறினால் இங்கே பரிசலுக்குத் தடை. டூர் போகிறவர்கள் கிளம்புமுன் நாளிதழில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. நாங்கள் பார்க்காமல் போய், துறையில் கவிழ்த்து அடுக்கியிருந்த பரிசல்களையும் வறுத்த மீனையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்.

ஒகேனக்கல் என்பது கன்னடம். ‘ஹொகெ’ என்றால் புகை, புகைகிற கல். பாறையில் மோதித் தண்ணீர் தூளாவதைப் பார்த்தால் பெயர் வைத்தவனுக்குக் கை கொடுக்கத் தோன்றும். ‘ரோஜா’ படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’ பாட்டில் 1992-ல் தமிழ்நாடே பார்த்த அருவிகளில் இதுவும் ஒன்று.

பரிசல் ஏன் சுற்றுகிறது?

முன்னும் பின்னும் இல்லாத ஒரே வாகனம் பரிசல். வட்டமாக இருப்பதால் ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் போகாது, சுற்றும். அதனால் பரிசல்காரர் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, முன்னால் இருக்கிற தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் போடுகிறார். பரிசலை நேராகப் போக வைப்பதுதான் அவருடைய வித்தை. நாம் காசு கொடுத்துக் கேட்பதோ, “அண்ணே, ஒரு ரவுண்டு சுத்துங்க!”

மூங்கில் பிளாச்சில் கூடை பின்னி, முன்பெல்லாம் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. இப்போது ஃபைபரும் உண்டு. பாறையில் இடித்தால் மரப்படகு பிளக்கும். மூங்கில் கூடை கொஞ்சம் நெளிந்து கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். ஆழமும் அதற்குத் தேவையில்லை. காவிரி பாறைக்காட்டுக்குள் ஓடுகிற இடங்களில் பரிசல் நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் இதே பரிசலைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூட ஏற்றலாம், நேராகப் போகாது, சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்நூறு வருஷத்தில் தோலைத் தவிர அதிகம் மாற்ற வேண்டியதில்லை.

அவருக்கும் இரண்டாயிரம் வருஷம் முன்னால், கிரேக்கர் ஹெரோடோட்டஸ் பாபிலோனில் பார்த்த வட்டத் தோல் படகுகளைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு படகிலும் சரக்கோடு ஒரு கழுதையும் வரும். ஊர் வந்ததும் சரக்கை விற்று, படகின் சட்டத்தையும் விற்று, தோலை மட்டும் உரித்துக் கழுதை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்கள். எதிர் ஓட்டத்தில் அந்தப் படகு ஏறாதே! நம் பரிசல்காரரும் இறக்கத்தில் மிதந்து வந்துவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை மேல் நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குக் கழுதை கிடையாது, அவ்வளவுதான்.

வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் வியட்நாம் கடற்கரையிலும் பரிசலின் உறவுக்காரர்கள் இன்னும் மிதக்கிறார்கள்.

படகுச் சவாரி என்றதும் பலருக்கு நினைவு வரும் ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் இயற்கை ஏரிகள் அல்ல. முதலாவதை வெட்டுவித்தவர் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். இரண்டாவதை 1863-ல் மதுரை கலெக்டர் வியர் லெவிஞ்ச். இரண்டு கலெக்டர்கள் இல்லையென்றால் தேனிலவு ஜோடிகள் பெடல் மிதிக்க இடமில்லை.

டிக்கெட் வாங்கிப் போகும் ஆறு, வேலைக்குப் போகும் ஆறு

சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே காவிரி. மின்சாரம் எடுக்கக் கட்டிய கதவணை தண்ணீரைத் தேக்கி நிறுத்துவதால் ஆறு அங்கே ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். இரு கரைக்கும் விசைப்படகு ஓடுகிறது. பூலாம்பட்டிக்குக் ‘குட்டி கேரளா’ என்று பட்டம் கட்டி இப்போது சுற்றுலாக்காரர்கள் குவிகிறார்கள். ஆனால் அந்தப் படகில் பாதிப் பேர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்லர். சந்தைக்குப் போகிறவர், சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர், பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளைகள். மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

இன்னும் மேலே, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடித் துறையிலிருந்து தருமபுரி மாவட்டத்து நாகமரைக்குப் படகுப் போக்குவரத்து உண்டு. மேட்டூர் அணை நிறைந்தபோது மூழ்கிய ஊர்களின் மேல்தான் அந்தப் படகு போகிறது. நீர்மட்டம் வெகுவாக இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் தலை காட்டும். டெல்டாக்காரனுக்கு அது வயிற்றைக் கலக்கும் காட்சி. அணைக்குள் நந்தி தெரிந்தால் வழக்கப்படி ஜூன் 12 அன்று பாசனத்துக்கு மதகு திறக்காது என்று அர்த்தம். அங்கே வந்து செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரத்தநாட்டு நாற்றங்கால்தான் எனக்கு ஞாபகம் வரும்.

என்னைக் கேட்டால், லைஃப் ஜாக்கெட் போட்டு அரை மணி நேரம் வட்டமடித்துத் திரும்பும் சவாரியைவிட, அக்கரையில் யாரோ காத்திருக்கிற படகில் ஏறி, பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே போவதுதான் சவாரி. நாங்கள் பூலாம்பட்டியில் ஏறிய அன்று அப்படி ஒருவர் கூடையில் சேவல். கரை வரும் வரை அது எங்கள் பெரியவனை விட்டு ஒரு நொடி கண்ணை எடுக்கவில்லை.

வைகையில் சிங்க முகம்

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு வெளியே வைகையைக் கடக்க வருகிறார்கள். துறையில் குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் வைத்த ஓடங்கள் நிற்கின்றன என்கிறது சிலப்பதிகாரம். பொருட்காட்சிப் படகுகளுக்கு அன்னப்பறவைத் தலை வைப்பதெல்லாம் புதுசு அல்ல, பார்த்தீர்களா! ஆனால் மூவரும் அவற்றில் ஏறவில்லை. ஒரு மரப்புணையில் அக்கரை போகிறார்கள். ஏன் ஏறவில்லை என்று உரைகாரர்கள் எழுதட்டும். கையில் விற்கச் சிலம்பைத் தவிர வேறில்லாதவர்கள் டூரிஸ்ட் படகில் ஏற மாட்டார்கள் என்பது என் கணக்கு.

காவிரிப்பூம்பட்டினத்துக் கழியில், உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகளை லாயத்துக் குதிரைகள் போல வரிசையாகக் கட்டியிருந்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறது. படகுக்குப் பழந்தமிழில் பஃறி என்றும் ஒரு பெயர். அம்பி, ஓடம், தோணி, வள்ளம், நாவாய், புணை, மிதவை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கட்டுமரம் ஆங்கிலத்துக்கே குடிபோய்விட்டது.

ஓடம் போன பிறகும் பெயர்

திருச்சியில் காவிரிக் கரையில் ஓடத்துறை. மண்டபத்தில் தோணித்துறை. காவிரி நெடுகப் பரிசல்துறை என்று சொல்லும் இடங்கள். பாலம் வந்தது, ஓடக்காரர் போனார், பஸ் ஸ்டாப்பில் பெயர் மட்டும் இறங்காமல் நிற்கிறது.

சாமியும் சுற்றிப் பார்க்கப் போகும்

தெப்பத் திருவிழா என்பது வேறென்ன, சாமியின் படகுச் சவாரிதானே! மன்னார்குடி ஹரித்ராநதி பெயரில் நதி, உண்மையில் குளம். பரப்பு 23 ஏக்கர். ஆனி மாதத்துத் தெப்பத்துக்கு ராஜகோபால சுவாமி அதில் வலம் வருகிறார். மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தை ஒட்டி மீனாட்சி சொக்கநாதர். தெப்பத்தின் அடியில் காலி பீப்பாய்களைக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதன்மேல் மண்டபம் எழுப்புகிறார்கள். அத்தனை பட்டும் பூவும் மின்விளக்கும் மிதப்பது காலி டிரம் மேல்.

பாரதிதாசனின் பிக்னிக்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிறவர்கள் கவனிக்க: பாரதிதாசன் நண்பர்களோடு அங்கே போனது பக்கிங்காம் கால்வாயில், படகில். ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை அந்தப் பயணத்தில் விளைந்ததுதான். செலவு என்றால் இங்கே பயணம். காசுக் கணக்கு அல்ல. அதே சாலையோரம் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் திறந்தது 1984-ல்.

குகனும் பூம்புகாரும்

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். அந்தக் கழகம் 1974-ல் தொடங்கியது. கடலுக்குள் போன காவிரித் துறைமுகத்தின் பெயர், முக்கடல் கூடும் இடத்துப் படகில் மிதக்கிறது. அங்கே ஓடும் படகுகளில் ஒன்றின் பெயர் குகன். இராமனைக் கங்கை கடத்தியவன் பெயரைவிடப் பொருத்தமாக வேறென்ன பெயர் வைக்க முடியும்?

அந்தக் கங்கையில், காசியின் படகோட்டிகள் இன்றும் குகனைத் தங்கள் முன்னோன் என்கிறார்கள். காசி போகும் நம்மவர்கள் படகில் ஏறினால், 84 படித்துறைகளில் இரண்டை மட்டுமாவது கேட்டு வாங்கிப் பாருங்கள்: குமரகுருபரர் வழி வந்த காசி மடம் இருக்கும் கேதார் கட்டம், இளம் பாரதி அத்தை வீட்டில் தங்கிப் படித்த அனுமன் கட்டம். வசதியுள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 13 அன்று காசியில் கிளம்பிய ‘கங்கா விலாஸ்’ சொகுசுக் கப்பல் 51 நாள், சுமார் 3,200 கி.மீ. ஆற்றிலேயே போய் அசாமின் திப்ருகரை அடையும்படி திட்டமிடப்பட்டது.

தில்லை கண்ணில் படக்கூடாது

பிச்சாவரத்தில் துடுப்புப் படகை எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நுழையும். ‘இதயக்கனி’யில் (1975) எம்.ஜி.ஆர். படகில் போனதை இன்னும் அங்குள்ள படகோட்டிகள் நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்கள். அந்தக் காட்டு மரங்களில் ஒன்று தில்லை. சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்தது அதுதான். பெயர் புனிதம், பால் ஆபத்து: கண்ணில் பட்டால் பார்வையைப் பதம் பார்க்கும். கிளையை ஒடிக்காதீர்கள். 2022-ல் பிச்சாவரம் முக்கியச் சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஒரே பக்கம் ஓடாதீர்கள்

2009 செப்டம்பர் 30, மாலை. தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டவர்களும் இருந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் கூடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. படகு குறுகலாக, உயரமாக இருந்து, ஆட்கள் மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தால், கொஞ்சம் சாய்ந்தாலே எடை வெளியே போய்விடும். பிறகு அது நிமிராது. உட்கார்ந்தால் எடை கீழே இறங்கும். ‘உட்காருங்க’ என்று படகோட்டி கத்துவது அதட்டல் அல்ல. லைஃப் ஜாக்கெட்டைக் கையில் பிடித்துப் படமெடுக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்தப் பட்டையைப் பூட்டாவிட்டால், விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மிதக்கும்.

எப்போது போகலாம்?

மேட்டூர் மதகு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறப்பது வழக்கம், தண்ணீர் இருந்தால். ஆடிப்பெருக்கில் ஆறு அழகு, ஆனால் வெள்ளம் ஏறினால் படகு நிற்கும். முத்துப்பேட்டைக்கு மார்கழி, தை நல்லது. வெளிநாட்டுப் பறவைகளும் வந்திருக்கும். வனத்துறை அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். படகில் கொறிக்க ஆதனக்கோட்டை வறுத்த முந்திரி வாங்கிக்கொள்ளலாம். சேற்றில் பேப்பர் பொட்டலத்தைப் போடாமல் திரும்பக் கொண்டுவரவும்.

கடைசியாக ஒன்று

2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலை பக்கம் குன்னத்தூரில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாயனூர் கதவணையில் தொடங்கி 262 கி.மீ. கால்வாய்; புதுக்கோட்டை மாவட்டத்தின் குறுக்கே போகிறது. பேப்பரில் இருந்த வரைபடத்தை விரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சின்னவன் கந்தர்வக்கோட்டை எங்கே என்று தேடினான். கோட்டுக்குத் தள்ளி ஒரு புள்ளியாகக் கிடந்தது.

“மாமா, இதுல படகு விடுவாங்களா?”

“மொதல்ல தண்ணி வரட்டும்டா.”

எண்ணெய் கேன் ஒன்றைப் பாதியாக வெட்டிப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறான்.